அந்தப் போல்ட்டை இறுக்கியவன் நான்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். என் பழைய ஹோண்டா சிட்டியின் கிராங்க் புல்லி போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியது அந்த மெக்கானிக் தம்பி இல்லை. நான்தான். ஏர் கன் எதுவும் கையில் இல்லாமல், வண்டியில் இருந்த செல்ப் மோட்டாரை வைத்தே இறுக்கினேன். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கினேன். இதுவரைக்கும் வெறும் முட்டாள்தனம். அதற்குப் பிறகு நான் செய்ததற்கு அந்தப் பெயர் போதாது.

பணிக்காலம் முழுவதையும் நீதிமன்றங்களில் கழித்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஒப்புதல் வாக்குமூலம் வாங்கும் முறை எனக்கு மனப்பாடம். போலீஸ்காரரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது செல்லாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அப்படிச் சொன்னது. மாஜிஸ்திரேட் முன்னால்தான் கொடுக்க வேண்டும். அவரும் உடனே எழுத ஆரம்பித்துவிட மாட்டார். “இதைச் சொல்லியாக வேண்டும் என்று உங்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படுத்தப்படலாம்” என்று எச்சரித்து, யோசிக்க அவகாசமும் கொடுத்துவிட்டுத்தான் பதிவு செய்வார். குற்ற நடைமுறைச் சட்டத்தில் 164 என்று இருந்த அந்தப் பிரிவு 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 183 ஆகிவிட்டது. எண்தான் மாறியது, சங்கதி அதேதான். என்னை யாரும் எச்சரிக்கவில்லை. அவகாசத்தை மட்டும் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

வண்டி 2001 மாடல் சிட்டி. ஹோண்டா இந்தியாவில் முதன்முதலாக, 1998இல், விற்க ஆரம்பித்த கார் அதுதான். மதுரையில் ஒருவரிடம் இரண்டாங்கையாக வாங்கினேன். இப்போது கோவில்பட்டியில் அந்த மாடலைப் பார்ப்பது அபூர்வம். பெட்ரோல் பங்கில் நின்றால் யாராவது ஒருவர் வந்து, “இன்னும் ஓடுதா சார்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே வைத்திருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

கொஞ்ச காலத்துக்கு முன்பு அந்தத் தம்பி அதற்கு டைமிங் பெல்ட் மாற்றிக் கொடுத்தார். சின்னப் பட்டறை, கூட ஒரே ஒரு பையன். ஆனால் வேலை சுத்தம். அன்றைக்கே அவர் சொன்னார்: “சார், பெல்ட்டுக்காக எல்லாத்தையும் பிரிச்சாச்சு. கிராங்க் ஆயில் சீலையும் இப்பவே மாத்திருவோம். அப்புறம் கசிஞ்சா இதே வேலைய மறுபடி முதல்லருந்து பாக்கணும்.” நான் வேண்டாம் என்றேன். கசியாத சீலுக்கு எதற்குக் காசு என்ற கணக்கு. எந்த நல்ல மெக்கானிக்கும் பெல்ட்டோடு சேர்த்து சீலையும் மாற்றத்தான் சொல்வார். சீலுக்கு ஆகிற செலவு அற்பம், பிரித்துப் பூட்டும் கூலிதான் பெரிது. அந்த அற்பத்தை மிச்சம் பிடித்தேன். சீல் கசிய ஆரம்பித்தது.

மறுபடி அவரிடம் போனால் “அன்னைக்கே சொன்னேனே” என்று முகத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாமே கழற்றிவிடலாம் என்று இறங்கினேன். மாருதி 800 வைத்திருந்த காலத்தில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. அந்த வண்டி 1983 கடைசியில் வந்து 2014 தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. இடைப்பட்ட அந்த முப்பது வருடத்தில் ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்ட ஒரு தலைமுறையையே அது உண்டாக்கிவிட்டது. நான் அதில் ஒருவன்.

இடம் எங்கள் வீட்டு முற்றம். கரிசல் மேல் கட்டிய வீடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் மண் தண்ணீர் குடித்து உப்பும். பங்குனி, சித்திரையில் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே போட்ட சிமெண்டுத் தளம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கி, கோணல்மாணலாகக் கீறல் விட்டிருக்கும். அதில் ஜாக்கியை வெறுமனே வைக்கக் கூடாது என்பதாவது எனக்குத் தெரிந்திருந்தது. கனமான பலகை போட்டு, அதன் மேல் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் கொடுத்து, இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன்.

மட்கார்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பை இழுத்ததும் உள்ளே இருந்த கரிசல் பாளம் பாளமாக விழுந்தது. புதூர், நாகலாபுரம் பக்கம் மழையில் போய்வந்ததெல்லாம் அங்கேயே தங்கி இறுகியிருக்கிறது. ஒரு பாளத்தைக் கையால் உடைத்தால் உள்ளே உளுந்து நெற்றின் ஓடுகள், சோளத்தட்டையின் நார். நம் ரோடுகளில் கதிரையும் செடியையும் காயப்போட்டு, போகிற வண்டிகள் மிதித்தே தாம்படித்துக்கொள்வார்கள் அல்லவா, அதன் மிச்சம். அந்த மண் ஈரத்தை லேசில் விடாது. அதனால் சுற்றியிருந்த இரும்பெல்லாம் செம்பழுப்பு. புல்லியின் நடுவில் அந்தப் போல்ட் தலை, 17 எம்.எம். சாக்கெட் போடுகிற அளவு. பார்க்க சாதுவாகத்தான் இருந்தது.

அந்த ஒரு போல்ட்டை ஏன் அவ்வளவு இறுக்கி வைக்கிறார்கள் என்பதை நான் பின்னால்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். கிராங்க் ஷாப்டையும் புல்லியையும் சேர்த்துப் பிடிப்பது நடுவில் இருக்கும் சாவிக்கட்டை என்று நினைத்திருந்தேன். அது தப்பு. சாவிக்கட்டை புல்லி எந்த நிலையில் உட்கார வேண்டும் என்று காட்டுவதற்குத்தான். உண்மையான பிடிப்பு போல்ட்டின் அழுத்தம். எஞ்சின் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் ஷாப்டில் ஒரு வெட்டு விழுகிறது; நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் விழுகிற அந்த வெட்டுகளை, புல்லியை ஷாப்டோடு நெருக்கிப் பிடித்திருக்கும் அந்த அழுத்தம்தான் தாங்குகிறது. போல்ட் தளர்ந்தால் சாவிக்கட்டை நசுங்கும், அது உட்காரும் காடி அகன்றுபோகும், கடைசியில் கிராங்க் ஷாப்டையே மாற்ற வேண்டி வரும். அதனால்தான் அந்தக் காலத்து ஹோண்டா டி வரிசை எஞ்சின்களில் இந்தப் போல்ட்டுக்குச் சுமார் 180 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 18 கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு அது. பல வருடச் சூடும் துருவும் சேர்ந்தால் அவிழ்ப்பதற்கு இதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டியிருக்கும். உலகம் முழுக்கவே ஹோண்டா புல்லி போல்ட்டுக்கு இந்தக் கெட்ட பெயர் உண்டு. இதற்கென்றே தலை கனத்த, எடை கூட்டிய சாக்கெட்டுகள் செய்து விற்கிறார்கள்; ஏர் கன் கொடுக்கும் அடி வீணாகாமல் போல்ட்டுக்குப் போய்ச் சேர.

என்னிடம் அதெல்லாம் இல்லை. சாக்கெட்டைத் திருப்பும் டாமிக் கம்பியில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் சொருகினேன். ஐந்தாவது கியரில் போட்டு, வீட்டுக்காரியை உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பைப்பில் ஏறி நின்றேன். வண்டி அசைந்தது, சஸ்பென்ஷன் முனகியது, போல்ட் அப்படியே இருந்தது. அப்புறம் புல்லி சுற்றாமல் இருக்க அதன் விளிம்பில் பைப் ரெஞ்சைக் கொடுத்துப் பிடித்தேன். இதைச் செய்யவே கூடாது. பெல்ட் ஓடுகிற காடிகள் அங்கேதான் இருக்கின்றன. ரெஞ்சின் பல் பதிந்தால் பெல்ட்டைத் தின்றுவிடும். அதோடு பல வண்டிகளில் புல்லியின் வெளிவளையமும் உள்வளையமும் இரண்டு துண்டு, நடுவில் ரப்பர் ஒட்டியிருக்கும். வெளிவளையத்தைப் பிடித்து முறுக்கினால் ரப்பர் விட்டு வளையம் நகர்ந்துவிடும், அதில் பொறித்திருக்கும் டைமிங் குறியும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். என் ரெஞ்ச் வழுக்கிக்கொண்டு போனது. காடிகளில் வரிசையாகப் பல் தடம்.

அப்போதுதான் செல்ப் அடித்துக் கழற்றும் வித்தை ஞாபகத்துக்கு வந்தது. 800 காலத்தில் ரோட்டோரப் பட்டறைகளில் பார்த்தது, நானே ஒரு தடவை செய்தும் இருக்கிறேன். நடுப் போல்ட்டில் சாக்கெட்டையும் நீளமான டாமியையும் மாட்டி, டாமியை வண்டியின் முன்பக்கமாகச் சாய்த்துத் தரையில் ஊன்ற வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி பிளக்குக்குப் போகும் கரண்டைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் வைத்து, சாவியைத் திருப்பி ஒரு வெட்டு. கம்பியைத் தரை பிடித்துக்கொள்ளும், ஷாப்ட் சுற்றப் பார்க்கும், போல்ட் படக்கென்று விட்டுவிடும். ஆபத்தான வேலை. கம்பி தெறித்தால் கையோ மட்கார்டோ போய்விடும். ஆனால் 800இல் வேலை செய்யும்.

அதே மாதிரி டாமியை முன்பக்கமாக ஊன்றினேன். டிஸ்ட்ரிபியூட்டர் வயரைப் பிடுங்கினேன். “அடி” என்றேன். அவள் சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். டாமியின் முனை சிமெண்டுக் கீறலுக்குள் இறங்கியது. போல்ட் கொஞ்சம் திரும்பியிருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. “அசைஞ்சிருச்சு, இன்னொரு தடவை அடி” என்றேன். அடித்தாள். நான் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னேன். பாட்டரி சோர்ந்து செல்ப் இழுக்காமல் முனகுகிற வரைக்கும்.

பிறகு பைப்பைப் போட்டுப் பார்த்தால் போல்ட் முன்னைவிட மோசம்.

அன்று சாயங்காலம் டீக்கடை. வழக்கமான ஆட்கள்: தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை ஒருவர், மில்லில் வேலை பார்த்தவர்கள், ஒரு லாரி ஓனர். கையில் இருந்த கிரீஸைப் பார்த்து என்ன சமாச்சாரம் என்று கேட்டார்கள். நான் விளக்கினேன். அந்தத் தம்பி ஏர் கன்னைக் கண்மண் தெரியாமல் பிடித்து இறுக்கிவிட்டார், அளவு பார்க்கத் தெரியாதவர், போல்ட்டைச் சாகடித்துவிட்டார். வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் சொன்னேன். பட்டறை எங்கே இருக்கிறது என்று லாரி ஓனர் கேட்டார், அதையும் சொன்னேன். அந்த நேரத்தில் நான் சொன்னதை நானே நம்பினேன் என்பது ஒரு சலுகை. ஆனால் ஊகத்தைக் கண்ணால் கண்டதுபோலப் பேசினேன். கேள்விப்பட்டதைச் சாட்சியமாகச் சொல்லக் கூடாது என்று எத்தனையோ சாட்சிகளை நீதிபதிகள் அதட்டக் கேட்டவன் நான். டீக்கடையில் குறுக்கு விசாரணை கிடையாது.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு நண்பர் வந்தார். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் சுற்றுகிற சாமான் எதைப் பார்த்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

“வே, இந்த எஞ்சின் எந்தப் பக்கம் சுத்துது?”

“இதென்ன கேள்வி? எல்லா எஞ்சினும் வலஞ்சுழிதான்.”

“நீரு பாத்தீரா?”

பார்க்கவில்லை. பேத்தியின் சாக்பீஸ் ஒன்றை வாங்கி, புல்லியின் மேல் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். டாமியையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். நல்ல பாட்டரியில் வயர் கொடுத்து, லேசாகச் செல்பைத் தொடச் சொன்னார். வெள்ளைக் கோடு உச்சியிலிருந்து இடது பக்கமாக இறங்கியது. இன்னொரு முறை. மறுபடியும் இடது பக்கம்தான்.

“நீரு நேத்து பூரா கழட்டல வே. இறுக்கிட்டுக் கெடந்திருக்கீரு” என்று சொல்லி, முற்றத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்.

விஷயம் இவ்வளவுதான். மாருதியில் புல்லி வண்டியின் வலது பக்கம். அந்தச் சிட்டியில் இடது பக்கம். இரண்டு எஞ்சினும் சக்கரம் முன்னால் உருளும் அதே திசையில்தான் சுற்றுகின்றன. ஆனால் நான் உட்கார்ந்து பார்க்கிற பக்கம் மாறிவிட்டது. கண்ணாடிக் கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் முள் இடதுபுறமாக ஓடுவதுபோல. போல்ட்டின் மரையோ இரண்டிலும் ஒன்றுதான், இடப்பக்கம் திருப்பினால் அவிழும். வலஞ்சுழியாகச் சுற்றும் ஷாப்டில் போல்ட்டைப் பிடித்து நிறுத்தினால் போல்ட் அவிழும். இடஞ்சுழியாகச் சுற்றும் ஷாப்டில் பிடித்து நிறுத்தினால் இறுகும். பழைய ஹோண்டா எஞ்சின்கள் பலவும் இப்படி இடஞ்சுழி. 2003இல் வந்த அடுத்த சிட்டியில் எஞ்சினே வேறு. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், சுற்றும் திசையும் மற்ற கார்களைப் போல வலஞ்சுழி. ஒரே பெயரில் அடுத்தடுத்து வந்த இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு மருந்தாகிற வித்தை மற்றதற்கு விஷம். ஒரு சாக்பீஸ் கோடு போதும், இதைக் கண்டுபிடிக்க.

அன்றைக்கே டீக்கடைக்குப் போய், “நான்தான் தப்பாக இறுக்கிவிட்டேன்” என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். போகவில்லை. நீதிமன்றத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவன், திசை தெரியாமல் திருகினான் என்று பேச்சு வருமே என்பதுதான் காரணம். வேறு உயர்ந்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பிட்டர் நண்பர் கொஞ்ச நாளில் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சாட்சி ஊரைவிட்டுப் போனது எனக்கு வசதியாகிவிட்டது. மிச்சம் இருந்த சாட்சி வீட்டுக்காரி. “அந்தப் பையன்ட்ட சொல்லிட்டீகளா?” என்று சில தடவை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதை வெளியே சொல்லும்படி நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பாதுகாப்பில் இருந்தேன்.

தம்பியே ஒருநாள் வீட்டுக்கு வந்தார். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

“சார், நான் பூட்டுன போல்ட் வரலைன்னு சொன்னாங்க. நான் போட்டதுதானே, நானே எடுத்துத் தாரேன். கூலி வேண்டாம்.”

அவர் கொண்டுவந்த சாமானைச் சொல்ல வேண்டும். அந்தப் புல்லியின் நடுவில் போல்ட்டைச் சுற்றி ஆறுமூலைப் பள்ளம் ஒன்று உண்டு, குறுக்களவு 50 எம்.எம். அதில் பொருந்துகிற பிடிகருவியைக் கம்பெனி விற்கிறது. தம்பி அதை வாங்கவில்லை. 33 எம்.எம். போல்ட்டுக்குப் போடுகிற பெரிய நட்டுக்கு எதிரெதிர்ப் பக்க அகலம் சரியாக 50. அப்படி ஒரு நட்டைப் பழைய இரும்பில் தேடிப் பிடித்து, லேத்தில் கொடுத்து மரையை வழித்து ஓட்டையை அகலமாக்கி, பக்கவாட்டில் நீளமான பட்டையை வெல்டிங் வைத்திருந்தார். நட்டு புல்லிப் பள்ளத்தில் உட்காரும், அதன் ஓட்டைக்குள்ளேயே சாக்கெட் போய்ப் போல்ட்டைப் பிடிக்கும். பட்டையைத் தரையில் முட்டுக் கொடுத்துவிட்டால் புல்லி அசையாது. பெல்ட் காடியில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. சாக்கெட்டின் எக்ஸ்டென்ஷன் கம்பிக்குக் கீழே ஒரு ஸ்டாண்டையும் நிறுத்தினார். பலம் முழுவதும் திருகுவதற்கே போக வேண்டும், கம்பி கீழே சாய்வதில் வீணாகக் கூடாது என்று விளக்கினார். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவருக்குப் பாடம் எடுக்கிறோம் என்ற கூச்சத்தோடு விளக்கினார்.

அவரும் பையனும் சேர்ந்து பைப்பைத் தூக்கினார்கள். வரவில்லை. ஊறவைத்து, போல்ட் தலையில் நேராகச் சில அடி கொடுத்து, இன்னும் நீளமான பைப் போட்டார்கள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது. அதன் பிறகு புல்லி கையோடு வந்துவிட்டது. எதிரி எப்போதுமே போல்ட்தான், புல்லி அல்ல.

போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புல்லியைத் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன சார் தடம்? பைப் ரெஞ்ச் மாதிரி இருக்கு.”

“முன்னாடியே இருந்திருக்கும்ப்பா” என்றேன்.

எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்தது அந்தப் பதில். பணிக்காலத்தில் பொய்ச் சாட்சி சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறவன் திக்குவான், கண்ணைப் பார்க்க மாட்டான் என்பதெல்லாம் சும்மா. நான் அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“அப்ப நான் பெல்ட் மாத்தறப்பவே கவனிச்சிருக்கணும் சார். விட்டுட்டேன். டார்க் ரெஞ்ச் வச்சுத்தான் முறுக்குனேன், எப்படி இவ்வளவு இறுகுச்சுன்னு தெரியல. மன்னிச்சுக்கிடுங்க.”

“பரவால்லப்பா, இனிமே பாத்துச் செய்” என்றேன்.

இதுதான் என் குற்றத்தின் மையம். மற்றதையெல்லாம் அறியாமை, வீம்பு, அவசரம் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒதுக்கிவிடலாம். தப்பே செய்யாத ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பெருந்தன்மையாக மன்னித்தேன். புத்திமதியும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் மதுரைக்கு ஆள் அனுப்பி, பழைய வண்டியிலிருந்து எடுத்த நல்ல புல்லி ஒன்றைத் தன் காசில் வாங்கிவந்து மாட்டினார். புதுப் போல்ட், புது சீல். கூலி வாங்கவே இல்லை. போகும்போது வீட்டிலிருந்த கடலை மிட்டாய்ப் பாக்கெட் ஒன்றைப் பையனிடம் கொடுத்தேன். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்கு. அதைக் கொடுத்ததில் மனசு லேசானதுபோலக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

இப்போது ஏன் சொல்கிறேன்? மனச்சாட்சி தானாக விழித்துக்கொண்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். கொஞ்ச நாளுக்கு முன்பு அதே டீக்கடையில், கயத்தாறு பக்கமிருந்து வந்த ஒருவர் தன் வண்டிக்கு நல்ல மெக்கானிக் யார் என்று விசாரித்தார். யாரோ அந்தத் தம்பியின் பட்டறையைக் கைகாட்டினார்கள். உடனே இன்னொருவர் குறுக்கிட்டார்: “அங்க விடாதீக. போல்ட்டச் சாகடிச்சிருவான்.” நான் சொன்ன அதே வார்த்தை. சொன்னவருக்கு என்னையும் தெரியாது, அந்தக் காரையும் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வாக்கியம் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இதையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். பையனை வெளியே அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன்; தேவையில்லை, அவனும் கேட்க வேண்டியவன்தான். டாமியை எந்தப் பக்கம் ஊன்றினேன் என்பதிலிருந்து, சாக்பீஸ் கோடு, பைப் ரெஞ்ச் தடம், டீக்கடைப் பேச்சு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தம்பி ஒரு ஆல்டோவின் அடியிலிருந்து வெளியே வந்து, கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப என் டார்க் ரெஞ்ச் சரியாத்தான் இருந்துச்சா சார்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் அந்த ரெஞ்சை நம்பவில்லையாம். அளவு காட்டுவதில் கோளாறு என்று ஓரமாகப் போட்டுவிட்டு, கடன் சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். அதுவும் போதாமல் ஒவ்வொரு வேலையிலும் இறுக்கியதை அவிழ்த்து மறுபடி இறுக்கிப் பார்ப்பாராம். நான் கெடுத்தது அவர் பெயரை மட்டும் என்று நினைத்திருந்தேன்.

புல்லிக்கு அவர் கொடுத்த காசையும் அன்றைய கூலியையும் நீட்டினேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். வேண்டாம் சார் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எனக்குப் பெரிய உபகாரம். புது ரெஞ்சின் விலையையும் கேட்டேன். “அது வேலைக்கு ஆகுது சார், இருக்கட்டும்” என்றார். என் வண்டியை இனிமேலும் பார்ப்பாரா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் கார் பிரிக்கிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு. டாமியைத் தொடுவதற்கு முன் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டுச் செல்பைத் தொட்டுப் பாருங்கள். வண்டியின் அடியில் கிடப்பது உங்கள் உயிர் என்பதால், செல்ப் அடித்துக் கழற்றும் வேலையையே விட்டுவிடுங்கள், 50 எம்.எம். நட்டு ஒன்றை லேத்தில் கொடுத்துச் செய்துகொள்வதற்கு அதிகம் செலவாகாது.

டீக்கடையில் அன்று என்னோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நான் யாரைச் சொல்கிறேன் என்பது தெரியும். எந்தப் பட்டறை என்பதும் தெரியும், வழி சொன்னதே நான்தான். நான் சொன்னது பொய். அந்தப் பேச்சைக் கேட்டு வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் அவரிடமே திரும்பிப் போங்கள். கேட்டதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: அந்தத் தம்பி அளவு பார்த்துத்தான் இறுக்குவார்.